ஜுஹைனாவின் பட்டன் பை

தென்காசியில் ஜுஹைனாக்காவிடம் துணி தைக்கக் கொடுக்கிற யாரும் பருமன் ஆவதே இல்லை. துணிதான் சுருங்கும். போன வருஷம் தைத்த சுடிதார் இடுப்பில் ஏறவில்லை என்று யாராவது தயங்கிக்கொண்டே பையைத் திறந்தால், அவள் துணியின் ஓரத்தை விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்துப் பார்ப்பாள். "இப்ப வர்ற காட்டன் எல்லாம் ரெண்டு தண்ணிக்கே சுருங்கிருது மைனி. உள்ள துணி விட்டுத்தான் தச்சிருக்கேன், பிரிச்சுத் தாரேன்" என்பாள். வந்தவருடைய முகம் தெளிந்துவிடும். அதில் உள்ளே துணி விட்டுத் தைத்தது மட்டும்தான் உண்மை.

அவளுக்குப் பிறந்த ஊர் வடகரை. வாப்பாவுக்குத் தேங்காய் வியாபாரம். பிளஸ் டூ முடித்ததும் செங்கோட்டையில் ஒரு தையல் வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். கல்லூரிக்கு அனுப்பாததற்கு வீட்டார் சொன்ன சமாதானம் அது. சட்டை என்பது எப்படிச் சட்டையாகிறது என்று பார்ப்பதற்காக, போன முதல் வாரத்திலேயே வாப்பாவின் பெருநாள் சட்டையை முழுக்கப் பிரித்துப் போட்டாளாம். பிரித்ததைச் சேர்க்கத் தெரியவில்லை. மாதக்கணக்கில் போராடி ஒட்டவைத்தபோது ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. வாப்பா அடுத்த பெருநாளைக்கு அதையே போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார். இதைச் சொல்லும்போதெல்லாம் அக்கா சிரித்து முடிப்பதற்குள் கண் கலங்கிவிடுவாள்.

கல்யாணமாகித் தென்காசிக்கு வந்தாள். கணவர் முகம்மது ஆசிக்குக்குத் சவூதியில், தம்மாமில், ஒரு பெரிய கடையின் சரக்குக் கிட்டங்கியில் வேலை. அவர் திரும்பிப் போனதும் வீட்டின் முன்னறையைத் தையல் கடையாக்கினாள். இரண்டு தையல் மெஷின், துணி ஓரம் அடிக்க ஓர் ஓவர்லாக் மெஷின், சுவர் நிறைய நூல்கண்டு. உள்வீட்டில் மாமியார். ஓவர்லாக்கில் சந்தனமாரியக்கா. அவள் இலஞ்சியிலிருந்து பஸ்ஸில் வருவாள். எங்கள் மூவரில் மூத்தவள். அவள் வந்துவிட்டாள் என்பது தெருமுனையிலேயே கேட்கும்.

மூன்றாவது ஆள் நான். பட்டமளிப்பு விழாச் சேலைக்கு ரவிக்கை தைக்கக் கொடுக்கத்தான் அங்கே போனேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அப்பா பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர். நான் படித்தது புள்ளியியல் என்பதை அவருக்குப் புரியவைக்க முடியவில்லை. "கணக்கு மாதிரி, ஆனா கணக்கு இல்ல" என்று கூடச் சுமக்கிறவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறார். ரவிக்கை வாங்கப் போன அன்று கொக்கி கட்ட ஆளில்லாமல் கடையில் வேலை தேங்கிக் கிடந்தது. சும்மா உட்கார்ந்து இரண்டு கட்டிக் கொடுத்தேன். அதன்பிறகு தேர்வுகளுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டும் கொக்கி கட்டிக்கொண்டும் அங்கேயே இருக்கிறேன். படித்தது எதற்கு என்று மற்றவர்கள் கேட்பதற்கு முன்பு நானே கேட்டுக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அந்தக் கடையில் என் படிப்புக்கு ஒரே ஒருமுறைதான் வேலை வந்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

வெள்ளிக்கிழமை மதியம் அந்தத் தெருவே ஜும்மாவுக்குப் போயிருக்கும். வாடிக்கைக்காரர்கள் வரமாட்டார்கள். ஜுஹைனாக்கா உள்ளே தொழுதுவிட்டு வந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவாள். மெஷின்கள் மறுபடி ஓடத் தொடங்குமுன் கொஞ்ச நேரம் கிடைக்கும். அப்படி ஒரு மதியம், நூல்வெட்டியைத் தேடி என் பைக்குள் கைவிட்ட சந்தனமாரியக்காவுக்கு ஒரு கட்டை அகப்பட்டது. நீல நிறம், நெல்லிக்காய் அளவு, இருபது முகம், முகத்துக்கு ஓர் எண். பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் இருந்தபோது அறைத்தோழி கொடுத்தது.

"ஏட்டி, தாயக்கட்டைக்கு அம்மை போட்டிருக்கா?" என்றாள்.

அது கதை விளையாட்டுக்கான கட்டை என்று சொன்னேன். ஒருத்தி கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு ஆளாகிவிட வேண்டும். போகிறேன், ஒளிகிறேன், பேசிப் பார்க்கிறேன், அடிக்கிறேன் என்று அவரவர்தான் முடிவு செய்வார்கள். செய்ய நினைத்தது பலித்ததா இல்லையா என்பதைக் கட்டை சொல்லும். ஹாஸ்டலில் நாங்கள் விடுமுறை நாட்களில் இதைத்தான் ஆடிக்கொண்டிருந்தோம்.

உடனே ஆட வேண்டும் என்றாள் சந்தனமாரியக்கா. எனக்குத் தெரிந்த இடத்தில் கதையை வைத்தேன். எந்தக் காலம் என்று தெரியாத ஒரு காலம். உப்பும் கருவாடும் ஏற்றிய பொதிமாடுகள் செங்கோட்டைக் கணவாய் வழியாக மலையைத் தாண்டி மேற்கே போகின்றன. சந்தனமாரியக்கா காவலுக்கு வாளோடு வருகிறாள். கதைக்குள் வேறு பேர் வைத்துக்கொள்ளலாம் என்றபோது, இருக்கிற பேருக்கு என்ன குறை என்று கேட்டாள்.

சண்டை வரும்போதுதான் கட்டைக்கு உண்மையான வேலை. எதிரி ஒவ்வொருவனுக்கும் ஒரு காவல் எண் உண்டு என்று விளக்கினேன். அவன் போட்டிருக்கும் கவசம், விலகி ஓடும் வேகம் எல்லாம் சேர்ந்தது அது. கட்டையில் விழுகிற எண்ணோடு உன் பழக்கத்துக்கு உரிய எண்ணைக் கூட்ட வேண்டும். கூட்டினது காவல் எண்ணைத் தொட்டால் அடி பட்டது; தொடாவிட்டால் காற்றில் போனது. பட்டால் மட்டும், எவ்வளவு பட்டது என்று பார்க்க இன்னொருமுறை உருட்டலாம். படுவது வேறு, எவ்வளவு வலிக்கிறது என்பது வேறு. ஆறு முகக் கட்டை அதற்கு.

சந்தனமாரியக்கா கட்டையை இரண்டு கைக்குள் வைத்துக் குலுக்கி, ஊதி, தரையில் விட்டாள். ஒன்று விழுந்தது. தாயம் என்று தொடையைத் தட்டிக்கொண்டாள். தாயம் விழாமல் காயே இறங்காத ஊரில் ஒன்றைவிட நல்ல எண் ஏது? இந்த விளையாட்டில் ஒன்று விழுந்தால் வாள் கையைவிட்டு வழுக்கிவிடும் என்று நான் சொன்னதும் அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இந்தச் சட்டத்தைப் போட்டவன் ஒருநாளும் தாயம் ஆடியிருக்க மாட்டான் என்று தீர்ப்புச் சொன்னாள்.

ஜுஹைனாக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். ஆனால் கட்டைப் பக்கம் கை நீட்டவில்லை. நான் எடுத்துக் கொடுத்தபோது கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"கட்டை உருட்டுறது எங்க உம்மா வீட்ல ஆகாது பிரியா. நீங்க ஆடுங்க, நான் பாக்கேன்."

நான் அதை எடுத்துப் பைக்குள் போட்டுவிட்டேன். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை சாப்பிட்டுக் கைகழுவி வந்ததும், அவள் மெஷின் டிராயரிலிருந்து ஒரு சின்னத் துணிப்பையை எடுத்தாள். யாருக்கோ தைத்த பட்டுப்பாவாடையின் மிச்சத் துணி; வாயில் இழுத்துக் கட்டுகிற நாடா. உள்ளே இருபது சட்டைப் பட்டன். எல்லாம் ஒரே அளவு, ஒரே வெள்ளை. ஒவ்வொன்றின் முதுகிலும் மார்க்கரால் எண் எழுதியிருந்தாள். அடி எவ்வளவு என்று பார்க்க ஆறு சிவப்புப் பட்டன் தனியாக.

வாரம் முழுக்க இதை யோசித்திருக்கிறாள் என்று தெரிந்தது. பந்தயம் கிடையாது, காசு கிடையாது, கட்டையும் கிடையாது, கதை கேட்பதற்கு என்ன என்றாள். பிறகு, "பட்டன் எடுக்கது எம் பொழப்புல்லா" என்று பையைக் குலுக்கிக் காட்டினாள்.

அவள் கதைக்குள் வந்தது ஒரு வழிகாட்டியாக. பேர் மெஹ்ரு. கையில் நீளமான ஒரு கம்பு. மாடுகளுக்கு முன்னால் நடந்து, தரையைத் தட்டிப் பார்த்துப் பாதை சொல்வாள். சண்டைக்கு ஆகிற ஆள் இல்லை. பழக்கத்துக்கு இரண்டுதான் கூட்டலாம் என்றேன். போதும் என்றாள்.

அந்தக் கடையில் ஒரு பழக்கம் உண்டு. டப்பாவிலிருந்து எடுத்த பட்டன் திரும்ப டப்பாவுக்குள் போகாது. துணிக்குப் போகும், இல்லாவிட்டால் மெஷின் ஓரத்தில் இருக்கும் எவர்சில்வர் கிண்ணத்துக்குப் போகும். திரும்பப் போட்டால் அளவு கலந்துவிடும். கை பழகிப்போன இந்த வழக்கப்படியே இருவரும் பையிலிருந்து எடுத்த பட்டனை எண் பார்த்துவிட்டுக் கிண்ணத்தில் போட்டார்கள். கதை சொல்லும் மும்முரத்தில் அது எனக்கு உறைக்கவில்லை. உறைத்தபோது விளையாட்டு வேறு ஒன்றாக மாறியிருந்தது.

ஒவ்வொருமுறையும் உருட்டுகிற கட்டையில் இருபது எண்ணும் எப்போதும் இருக்கும். எடுத்த பட்டனைத் திரும்பப் போடாத பையில் அப்படி இல்லை. சின்ன எண்கள் போய்விட்டால் பெரிய எண்கள்தான் மிச்சம். இதை முதலில் கண்டுகொண்டவள் ஜுஹைனாக்கா. அதன்பிறகு அவளுடைய மெஹ்ரு, வேண்டாத சண்டைகளைத் தேடித்தேடிப் போக ஆரம்பித்தாள். கருவாட்டைத் தூக்க வந்த குரங்குகளோடு சண்டை. பாதையில் சாய்ந்து கிடந்த முள்வேலியோடு சண்டை. ஒதுங்கிப் போகிற சாரைப்பாம்பைக்கூட விடவில்லை. தோற்றாலும் பெரிதாக ஒன்றும் போகாத சண்டைகள். பட்டனை எடுப்பாள், நாலு வரும், இரண்டு வரும். கம்பு காற்றில் போகும். அவள் புன்னகையோடு பட்டனைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, "கழியட்டும்" என்பாள். கடைசியில் ஒரு பெரிய சண்டை வரும்போது பையில் நல்லது மட்டும் இருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு.

சந்தனமாரியக்காவுக்கோ நேர்மாறு. ஒரு சில்லறைத் திருடனை அடிக்க இருபதை எடுத்துவிட்டாள். அவன் ஒரே வெட்டில் விழுந்தான். அவள் எழுந்து நின்று முந்தானையைச் செருகிக்கொண்டாள். அப்புறம் கிண்ணத்தில் கிடந்த அந்த இருபதைப் பார்த்துப் பார்த்து அன்று மாலைவரை வருந்தினாள்.

இன்னொரு சட்டமும் அவர்களுக்குப் பிடித்திருந்தது. சண்டையில் பக்கத்தில் துணைக்கு ஒருத்தி நின்றால், ஒன்றுக்குப் பதில் இரண்டு பட்டன் எடுக்கலாம். இரண்டில் நல்லதை வைத்துக்கொள்ளலாம். மற்றது என்ன ஆகும் என்று ஜுஹைனாக்கா கேட்டாள். அது கணக்கில் வராது என்றேன். கொஞ்ச நேரம் அந்த வேண்டாத பட்டனை விரலில் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

ஹாஸ்டலில் நாங்கள் ஆடியபோது எல்லாருக்கும் ஜெயிக்கிற அவசரம். தோல்விகளை இப்படிப் பொறுமையாகச் சேர்த்துவைக்கிற ஒருத்தியை நான் அங்கே பார்த்ததில்லை. அது ஏன் என்று அப்போது கேட்டுக்கொள்ளவும் இல்லை.

சீசன் வந்தது. குற்றாலத்தில் தண்ணீர் விழுந்தால் எங்களுக்கு வேலை கூடும். அருவி அடித்ததில் தையல் விட்டுப்போன சுடிதாரோடு வெளியூர்ப் பெண்கள் துண்டைப் போர்த்திக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்குவார்கள். இருந்தாலும் வெள்ளிக்கிழமை மதியத்தை நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. வெளியே சாரல், கதைக்குள்ளும் சாரல். மாடுகள் கணவாய்க்கு வந்து சேர்ந்தன. அங்கே பாதையை அடைத்துக்கொண்டு ஓர் ஒற்றைக்கொம்பன் யானை நிற்கிறது. அதன் காவல் எண் பதினாறு. கொல்ல வேண்டியதில்லை, விலக வைத்தால் போதும். அது விலகாமல் ஒரு மாடும் மலையைத் தாண்ட முடியாது.

அன்று கிண்ணத்தில் கிடந்தவை பெரும்பாலும் சின்ன எண்கள். பை மெலிந்திருந்தது. ஜுஹைனாக்கா அதை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஓர் அமைதி. "இனி உள்ள கெட்டது ஒண்ணும் கெடையாது" என்றாள்.

அந்த வாரம் நான் தேர்வுக்காக நிகழ்தகவைத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். கொக்கி ஊசியைக் கையில் பிடித்தபடி, மெய்யான விளையாட்டில் இப்படிக் கிடையாது என்று ஆரம்பித்தேன். எடுத்த பட்டனை ஒவ்வொருமுறையும் திரும்பப் போட வேண்டும். பத்துமுறை தோற்றவளுக்கும் ஒருமுறைகூடத் தோற்காதவளுக்கும் அடுத்தமுறை வாய்ப்பு ஒரே மாதிரிதான். இதுவரை கெட்டது விழுந்தது என்பதற்காக இனி நல்லது விழும் என்று இல்லை.

"கட்டைக்கு ஞாபகம் கெடையாதுக்கா" என்றேன்.

"வந்துட்டா, யானைக்கு வக்கீலு" என்றாள் சந்தனமாரியக்கா.

ஜுஹைனாக்கா சிரிக்கவில்லை. "அப்ப, முன்ன எடுத்ததுக்கெல்லாம் ஒரு கணக்கும் இல்லியா?"

"இல்லக்கா. ஒவ்வொரு தடவையும் புதுசுதான்."

அவள் பையின் நாடாவை இழுத்துக் கட்டினாள். வெட்டுகிற வேலை கிடக்கிறது என்று எழுந்துவிட்டாள். யானை கணவாயிலேயே நின்றது.

சாயங்காலம் சந்தனமாரியக்கா டீ வாங்கப் போயிருந்தபோது, மேசையில் துணியை விரித்து வெட்டிக்கொண்டே, முகத்தை நிமிர்த்தாமல் ஜுஹைனாக்கா சொன்னாள். அவளுக்கு இரண்டு கரு கலைந்திருக்கிறது. இரண்டும் நான் அந்தக் கடைக்கு வருமுன். இரண்டுமுறையும் நாள் தள்ளிப்போன உடனே மாமியார் சந்தோஷத்தில் தெருவெல்லாம் சொல்லிவிட்டார். அதனால் அப்புறம் தெருவெல்லாம் ஆறுதல் சொல்ல வந்தது. "வந்தவங்களுக்கு டீ போட்டுக் குடுத்தே எனக்கு அழ நேரமில்ல" என்றாள். இப்போது மூன்றாவது. ஆசிக் நோன்புப் பெருநாளுக்கு விடுப்பில் வந்துபோன பிறகு. அவருக்கு மட்டும் போனில் சொல்லியிருக்கிறாள். செவ்வாய்க்கிழமை ஸ்கேன். துடிப்பு இருக்கிறதா என்று அன்றுதான் தெரியும். முதல் இரண்டும் அந்தத் துடிப்பு வராமலேதான் நின்றன.

"கெட்டது ரெண்டும் எடுத்தாச்சு, இனி உள்ள இருக்கது நல்லதுதான்னு நெனச்சிட்டு இருந்தேன்."

கத்தரி துணியில் நேராகப் போய்க்கொண்டிருந்தது. ஓரம் வந்ததும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

"நீயும் துணி சுருங்கிட்டுன்னு சொல்லிருக்கலாம்லாட்டி."

பாவூர்சத்திரம் போகும் பஸ்ஸில் சாரலுக்காக ஷட்டர்களை இறக்கிவிட்டிருந்தார்கள். அந்த இருட்டில் உட்கார்ந்து யோசித்தேன். நான் சொன்னது சரி. எங்கே வேண்டுமானாலும் அதை எழுதி மதிப்பெண் வாங்கலாம். ஆனால் அதை எதற்காகச் சொன்னேன்? அவளுக்குத் தெரிய வேண்டும் என்றா, எனக்குத் தெரியும் என்றா? சரியானதைச் சொல்லிவிட்டு மனம் இப்படிக் கனக்கிறதென்றால், நான் கற்றதில் எங்கேயோ ஒரு துண்டு விட்டுப்போயிருக்க வேண்டும்.

பஸ் கீழப்பாவூர் விலக்கைத் தாண்டும்போது அது என்னவென்று தெரிந்தது. பாதியைத்தான் சொல்லியிருக்கிறேன். கட்டைக்கு ஞாபகம் இல்லையென்றால் கெட்டதுக்கும் ஞாபகம் இல்லை. முன்பு பட்ட அடியை வைத்துக்கொண்டு அது அவளைத் தேடி வராது. நல்லது பாக்கி இல்லை என்கிற அதே உண்மைதான், கெட்டதும் பாக்கி இல்லை என்கிறது. ஆனால் உடம்பு கட்டையா? அதுவும் எனக்குத் தெரியாது. தெரியாததை என்னவென்று சொல்வது?

சனிக்கிழமை காலையில் போனதும், யாரும் வருமுன், இதை அவளிடம் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். உடம்பு விஷயம் டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவள் பாபினில் நூல் சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். டாக்டரம்மாவும் எல்லாச் சோதனையும் எடுத்துப் பார்த்துவிட்டு, குறை ஒன்றும் தெரியவில்லை, போனதையும் இதையும் சேர்த்து யோசிக்காதே என்றுதான் சொன்னாராம். அப்போது மனசில் ஏறவில்லை என்றாள்.

"கேக்க நல்லாத்தான் இருக்கு. நெசமாட்டி?"

"நெசம்க்கா."

"துணி சுருங்கலயே?"

"இல்லக்கா."

பாபின் நிறைந்து நின்றது. அதை எடுத்து மெஷினில் போட்டுவிட்டு, "பக்கத்துல ஆளு நின்னா ரெண்டு எடுக்கலாம்னு ஒரு சட்டம் உண்டும்லா" என்றாள். "செவ்வாய்க்கெழம நீ வாறியா?"

அது விளையாட்டில் மட்டும் உள்ள சட்டம், நான் பக்கத்தில் நிற்பதால் உள்ளே எதுவும் மாறாது என்று சொல்ல வாய் வந்தது. இந்தமுறை சொல்லவில்லை. அவளே சொன்னாள்.

"எனக்கு அது தெரியாதாட்டி. நீ வா."

செவ்வாய்க்கிழமை மாமியாரிடம் லைனிங் துணி எடுக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டோம். சந்தனமாரியக்காவை வெளியே அழைத்துப்போய் விஷயத்தைச் சொன்னால் அவள் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. மீன்குழம்பைத் திறந்தாலே எழுந்து போகிறவளை எதிரே வைத்துக்கொண்டு சாப்பிடுகிறவளுக்குத் தெரியாதா என்றாள். பிறகு ஜுஹைனாக்காவின் புர்காவில் ஒட்டியிருந்த நூலை எடுத்துவிட்டு, "போய்ட்டு வா. கடைய நான் பாக்கேன். யாராது கேட்டா நீ காத்தாட மலைக்குப் போயிருக்கன்னு சொல்லுதேன்" என்றாள்.

ஸ்கேன் சென்டரில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்திருந்தன. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். அக்கா பாட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாள். எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் சுடிதார்க் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கழுத்துப் பட்டி பெரண்டிருக்கு" என்று என் காதில் சொன்னாள். பேர் கூப்பிட்டார்கள். கதவுக்கிட்டே போனவள் நின்று, புர்காவுக்குள் கைவிட்டு எதையோ இழுத்தாள். அளவு நாடா. வேலையிலிருந்து எழுந்து வந்தவள் கழுத்திலிருந்து எடுக்க மறந்திருக்கிறாள். அதை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

நான் அந்த நாடாவைச் சுருட்டினேன். பிரித்தேன். மறுபடி சுருட்டினேன். நிகழ்தகவு எதுவும் அப்போது துணைக்கு வரவில்லை. கதவு திறந்து, கூட வந்தது யார் என்று நர்ஸ் கேட்டபோது நாடாவைக் கையில் பிடித்தபடியே எழுந்தேன். கூட வந்தவர்களை எதற்குக் கூப்பிடுவார்கள்?

உள்ளே மங்கலான வெளிச்சம். அக்கா படுத்திருந்தாள். டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்துக்கு நடுவே கறுப்பாக ஒரு குழி, அதற்குள் அரிசி போல ஒன்று. அதன் நடுவில் ஏதோ மினுங்கி மினுங்கி அணைந்தது. துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். இன்னும் தூரம் இருக்கிறது, கவனமாக இருக்க வேண்டும், நான் சொல்கிற நாளில் திரும்ப வர வேண்டும் என்றார். இவங்களுக்கு நான் சொன்னால் நம்பிக்கை வரவில்லையாம், உங்களைக் கூப்பிடச் சொல்கிறார்கள் என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

ஜுஹைனாக்கா திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"எனக்குக் கண்ணு மறைக்கு. நீ பாரு. அடிக்கா?"

"அடிக்குக்கா."

"நெசமா?"

"நெசமா அடிக்கு."

அதற்கப்புறம்தான் அவள் தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தாள். என் கையைப் பிடித்திருந்தாள். இல்லை, என் கையிலிருந்த நாடாவின் மறுமுனையைப் பிடித்திருந்தாள். ஆறுதல் சொல்ல ஒரு தெருவே இருக்கிறவள் என்னை எதற்கு அழைத்து வந்தாள் என்பது எனக்கு அங்கே நின்றபோதுதான் விளங்கியது.

வெளியே வந்து ஆசிக்கண்ணனுக்குப் போன் செய்தாள். அவர் பேசியது எனக்குக் கேட்கவில்லை. இவள் "ம்" என்றும் "ஆமா" என்றும் மட்டும் சொன்னாள். பிறகு, "பிரியா பாத்தா. அவ பாத்துட்டா" என்றாள். கடைக்குத் திரும்புமுன் மறக்காமல் லைனிங் துணி வாங்கினோம்.

அந்த வெள்ளிக்கிழமையும் சாரல். மீன்குழம்பு வேண்டாம் என்று சந்தனமாரியக்கா புளிச்சாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். சாப்பிட்டு முடிந்ததும், கணவாயில் யானை இன்னும் நின்றுகொண்டிருப்பதை அவளே ஞாபகப்படுத்தினாள். ஜுஹைனாக்கா டிராயரைத் திறந்து பையை எடுத்தாள். மெலிந்த பை, உள்ளே பெரிய எண்கள் மட்டும். எவர்சில்வர் கிண்ணத்தையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இத்தனை வாரமாகக் குரங்கோடும் வேலியோடும் சண்டை போட்டுக் கழித்த பட்டன்கள் அதில் கிடந்தன. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பையின் வாயை அகட்டிப் பிடித்துக் கிண்ணத்தை அப்படியே உள்ளே கவிழ்த்தாள்.

"ஏ ஜுஹைனா, கஷ்டப்பட்டுக் கழிச்சதெல்லாம் போச்சே" என்றாள் சந்தனமாரியக்கா.

"கெடக்கட்டும் மாரிக்கா. எல்லாம் உள்ளயே கெடக்கட்டும்."

யானை காதை விரித்துக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தது என்றேன். மெஹ்ரு கம்பை ஓங்கினாள். ஜுஹைனாக்கா பையைக் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு கைவிட்டு ஒரு பட்டனை எடுத்தாள்.

மூன்று.

மூவரும் அந்த மூன்றைப் பார்த்தோம். அவள் பட்டனை உள்ளங்கையில் வைத்தபடி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், ஓவர்லாக் மெஷினுக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்தது. சந்தனமாரியக்கா அதைத் தரையில் இழுத்துக்கொண்டே வந்து, ஜுஹைனாக்காவின் தோளோடு தோள் இடிக்கப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் பக்கத்துல நிக்கம்லா. இன்னொண்ணு எடு."

அக்கா அந்த மூன்றைப் பைக்குள் திரும்பப் போட்டாள். பிறகு மறுபடி கையை உள்ளே விட்டாள்.